எண்ணெய் வழியும் தலை, உதிரும் முடி: எதை முதலில் கவனிப்பது, எதைத் தேர்ந்தெடுப்பது?

தலைக்குக் குளித்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. மாலையில் கண்ணாடி முன் நின்றால் முடி நாலைந்து இழைகளாகச் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் தோல் பளபளக்கும். விரலை உச்சியில் வைத்து எடுத்தால் பிசுபிசுப்பு. சீப்பில் ஏழெட்டு முடி. இருபது, இருபத்திரண்டு வயதில் இதைப் பார்க்கிற ஒருவனுக்கு இரண்டும் ஒரே கோளாறு என்றுதான் தோன்றும்: எண்ணெய் வழிகிறது, அதனால் முடி கொட்டுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தத் தப்புக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு வருடம் போனது. முடியைப் பொறுத்தவரை இரண்டு வருடம் என்பது பெரிய இழப்பு.

சமீபத்தில் என் சித்தப்பா மகன் இதே கவலையோடு வந்தான். வயது 22. "அண்ணா, ஷாம்பு மாத்தினா போதுமா, மருந்து போடணுமா, இல்ல மொட்டையே அடிச்சிடட்டுமா?" என்று கேட்டான். அவனோடு உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. ஆனால் இந்தப் பாதையில் நடந்தவன், தோல் மருத்துவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு வரும் வழக்கமான வழுக்கைக்குக் காரணம் டி.எச்.டி. என்ற ஹார்மோன். டெஸ்டோஸ்டீரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டி.எச்.டி.யாக மாற்றுகிறது. இதைத் தாங்க முடியாத மயிர்க்கால்கள் பரம்பரையாகச் சிலருக்கு நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் அமைந்துவிடுகின்றன. (அம்மா வழித் தாத்தாவைப் பார்த்தால் போதும் என்பார்கள். அது பாதிதான் சரி. அப்பா வழியிலிருந்தும் வரும்.) ஒரு முடி சாதாரணமாக 2 முதல் 6 ஆண்டு வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கும். பாதிக்கப்பட்ட மயிர்க்காலில் அந்த வளரும் காலம் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கிக்கொண்டே போகும். முடி மெலியும், குட்டையாகும், கடைசியில் பூனைமுடி போல ஆகி நின்றுவிடும்.

தலையின் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுவதும் இதே ஆண் ஹார்மோன்கள்தான். அதனால்தான் பருவ வயதைத் தாண்டியதும் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தலைகாட்டுகின்றன. எண்ணெய் முடியைக் கொட்ட வைக்கவில்லை. ஒரே இடத்திலிருந்து இரண்டு கிளைகளாக வருகின்றன, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அந்த நொதி இரண்டு வகைப்படும். மயிர்க்காலில் முக்கியமாக வேலை செய்வது இரண்டாம் வகை, எண்ணெய்ச் சுரப்பியில் அதிகம் இருப்பது முதல் வகை. வழுக்கைக்கு அதிகம் கொடுக்கப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரை இரண்டாம் வகையைத்தான் தடுக்கிறது. ஆக, மாத்திரை போட்டு முடி கொட்டுவது நின்றாலும் எண்ணெய் அப்படியே இருக்கும். மறுபக்கம், எந்த ஷாம்புவாலும் எண்ணெயை அலசி எடுக்க முடியுமே தவிர நெற்றி ஏறுவதை நிறுத்த முடியாது. ஒரே மருந்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று தேடுவதை விட்டுவிட்டால் முடிவெடுப்பது பாதி சுலபமாகிவிடும்.

வெள்ளைத் தாளில் ஒரு நாள் முடி

எதையும் வாங்கும் முன் ஒரு நாள் கொட்டும் முடியைச் சேர்த்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்க்கச் சொல்வேன். சித்தப்பா மகனும் நானும் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத்தான் செய்தோம். முடியின் ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு சிறு குமிழ் இருந்தது. "வேரோட வந்திடுச்சு அண்ணா" என்று பயந்தான். அது வேர் இல்லை. ஓய்வுக் காலம் முடிந்த முடியின் அடிமுனை அப்படித்தான் இருக்கும், மயிர்க்கால் தோலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் நடப்பதுதான்.

எண்ணிக்கையை விடப் பருமனைத்தான் கவனிக்க வேண்டும். தாளில் கிடப்பவை எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிமன் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று யோசியுங்கள். கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்தது, தாங்க முடியாத மன அழுத்தம், இவற்றில் ஏதாவது இருந்தால் அதன் எதிரொலியாகத் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனை தேவைப்படலாம், வழுக்கை மருந்து தேவையில்லை. மாறாக, நீளமான முடிகளுக்கு நடுவே கண்ணிமை முடி போலக் குட்டையாக, மெல்லியதாகச் சில கிடந்தால் மயிர்க்கால்கள் சிறுத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அவனுடைய தாளில் அப்படிப் பதினொன்று இருந்தன.

வட்டமாக, நாணயம் போல ஒரே இடத்தில் வழவழவென்று போயிருந்தால் அது வேறு நோய். நேராகத் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நெற்றி ஓரம் லேசாக உள்வாங்கியிருப்பதைப் பார்த்தே பதறவும் வேண்டாம். 1951-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் வகுத்து, 1975-ல் ஓடார் நார்வுட் திருத்திய ஏழு படி அளவுகோலைத்தான் மருத்துவர்கள் இன்றும் வைத்துப் பார்க்கிறார்கள். அதில் இரண்டாம் படி, பையன் நெற்றி ஆண் நெற்றியாக மாறுவதை ஒட்டியே இருக்கும். பலருக்கு அதோடு நின்றுவிடும்.

எண்ணெய்க்கு: அலசுவதா, மருந்து ஷாம்புவா, மாத்திரையா?

நான் செய்த தவறு இங்கேதான். குளிக்கும்போது கையில் கொத்தாக முடி வருவதைப் பார்த்துப் பயந்து வாரத்துக்கு ஒரே ஒரு முறைதான் தலைக்குக் குளித்தேன். "அடிக்கடி அலசினால் எண்ணெய் இன்னும் சுரக்கும்" என்று யாரோ சொன்னதும் வசதியாகப் போயிற்று. விளைவு என்ன? நாலாவது நாள் தலை அரிக்க ஆரம்பிக்கும். சொறிந்தால் நகக்கண்ணில் மஞ்சளாக, மெழுகு போலச் செதில் ஒட்டிக்கொண்டு வரும். ஏழாவது நாள் தலைக்கு ஊற்றினால் வாரம் முழுக்க உதிர வேண்டியது மொத்தமாகக் கையில் வரும். அதைப் பார்த்து அடுத்த முறை இன்னும் தள்ளிப்போடுவேன்.

கணக்கு எளிது. ஒரு நாளைக்கு 100 முடி உதிர்கிற தலையை மூன்று நாள் கழித்து அலசினால் 300 வரை வரலாம். குளியல் அவற்றைக் கொட்ட வைக்கவில்லை, ஏற்கனவே கழன்று நின்றவற்றைச் சேர்த்து எடுத்துவிட்டது. எண்ணெய்ச் சுரப்பியும் தோலின் மேல் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்த்துச் சுரப்பதில்லை, ஹார்மோன் சொல்வதைத்தான் கேட்கிறது. அதனால் தலை பிசுபிசுக்கிறவர்கள் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் மிதமான ஷாம்பு போட்டு அலசுவதில் எந்தக் கெடுதலும் இல்லை. முடி மெலிந்திருப்பவர்களுக்கு இதில் ஒரு உடனடிப் பலனும் உண்டு. எண்ணெய் ஒட்டாத முடி தனித்தனியாக நிற்கும், அதே முடி இரண்டு மடங்கு அடர்த்தியாகத் தெரியும். கண்டிஷனர் போடுவதானால் நுனியில் மட்டும் போடுங்கள், தலைத்தோலில் வேண்டாம்.

வெறும் பிசுபிசுப்பு என்றால் சாதாரண ஷாம்புவே போதும். அரிப்பு, சிவப்பு, மஞ்சள் செதில் சேர்ந்தால் மருந்து ஷாம்பு தேவை. மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தலையிலும் வாழ்கிறது. கொழுப்புதான் அதன் உணவு. எண்ணெய் அதிகமுள்ள தலையில் அது பெருகும்போது சிலருக்குத் தோல் அழற்சி வருகிறது. அந்த அழற்சியும் சொறிதலும் தம் பங்குக்குக் கொஞ்சம் முடியை உதிர்க்கும். எண்ணெய்க்கும் முடி உதிர்வுக்கும் உண்மையான தொடர்பு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். இந்தப் பங்கைத் திரும்பப் பெற முடியும்.

கீட்டோகொனசோல் 2% ஷாம்புவை நான் முதலில் வைப்பேன். வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம். முடியில் தேய்த்து உடனே அலசிவிட்டால் பிரயோசனம் இல்லை. விரல் நுனியால் தோலில் படும்படி தேய்த்து ஐந்து நிமிடம் விட வேண்டும். நான் அந்த நேரத்தில்தான் பல் துலக்குவேன், நேரம் சரியாக இருக்கும். அடங்கியதும் வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ போட்டால் திரும்ப வராமல் இருக்கும். இடைப்பட்ட நாட்களில் சாதாரண ஷாம்பு. இதே ஷாம்பு முடியையும் கொஞ்சம் அடர்த்தியாக்குகிறது என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதை நம்பி வழுக்கை மருந்தை ஒதுக்கும் அளவுக்கு அது பெரிய ஆதாரம் இல்லை.

செலினியம் சல்ஃபைடும் ஈஸ்ட்டைக் கட்டுப்படுத்தும், ஆனால் சிலருக்கு அதைப் போட்டபின் தலை இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும். சாயம் போட்ட முடியின் நிறத்தையும் மாற்றிவிடலாம். சாலிசிலிக் அமிலம் செதிலைக் கரைத்து எடுக்கும், ஈஸ்ட்டை அதிகம் தொடாது. தடிப்பாகச் செதில் இருந்தால் அதில் ஆரம்பித்துக் கீட்டோகொனசோலுக்கு மாறலாம். ட்ரை ஷாம்பு எண்ணெயை உறிஞ்சித் தோற்றத்தை அரை நாள் காப்பாற்றும், தலையைச் சுத்தம் செய்யாது.

தலைக்கு எண்ணெய் தேய்ப்பது பற்றி அவன் கேட்டான். முடியின் தண்டு வறண்டு உடைகிறவர்களுக்கு எண்ணெய் நல்லது. ஏற்கனவே பிசுபிசுத்து, செதில் வரும் தலைத்தோலில் தேய்ப்பது ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி. தலையைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. டி.எச்.டி.யை அது ஒன்றும் செய்யாது.

அப்புறம் ஐசோட்ரெட்டினாயின். முகப்பருவுக்குக் கொடுக்கும் மாத்திரை. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடுவதால் முகமும் தலையும் சில வாரத்தில் காய்ந்துபோகும். எண்ணெய் என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஆனால் முடி உதிர்வதே அதன் பக்க விளைவுகளில் ஒன்று. கல்லீரல், கொழுப்புப் பரிசோதனைகள் வேறு தேவை. முடியைக் காப்பாற்ற நினைக்கிற ஒருவன் தலை எண்ணெய்க்காக மட்டும் இதற்குள் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடுமையான பரு இருந்து மருத்துவரே கொடுத்தால் அது வேறு விஷயம்.

முடிக்கு: மினாக்சிடிலா, ஃபினாஸ்டரைடா?

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாகத்தான் வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்து, தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 2% கரைசல் 1988-ல் அனுமதி பெற்றது. இது டி.எச்.டி.யைத் தொடுவதில்லை. மயிர்க்காலை வளரும் பருவத்துக்குத் தள்ளி, அந்தப் பருவத்தை நீட்டுகிறது. பின்னாலிருந்து ஒருவர் இழுக்கும் வண்டியை முன்னாலிருந்து பிடித்து நிறுத்துவது போல. கையை எடுத்தால் வண்டி போய்விடும்.

ஃபினாஸ்டரைடு அந்த இழுப்பையே குறைக்கிறது. இதன் பின்னணி வியப்பானது. டொமினிக்கன் குடியரசில் பிறவியிலேயே இந்த நொதி குறைபாடுள்ள சில குடும்பங்களை 1970-களில் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை, புராஸ்டேட் சுரப்பியும் சிறிதாகவே இருந்தது. அந்தத் தடயத்தில் உருவான மருந்து 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997-ல் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இரத்தத்தில் டி.எச்.டி.யைச் சுமார் 70% குறைக்கிறது. இரண்டு ஆண்டு நடந்த சோதனையில் மருந்து சாப்பிட்ட ஆண்களில் 83 சதவீதத்தினருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 சதவீதத்தினருக்கு மட்டுமே அப்படி.

பலன் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் தராசு ஃபினாஸ்டரைடு பக்கம்தான் சாயும். காரணத்தைத் தொடுகிறது, தினம் ஒரு மாத்திரையில் முடிகிறது, தலையில் பிசுபிசுப்பு இல்லை. ஆனால் இது உடம்பு முழுக்கப் போகும் ஹார்மோன் மருந்து. அந்தச் சோதனைகளில் பாலியல் சார்ந்த பக்க விளைவுகளைச் சொன்னவர்கள் 3.8%, வெற்று மாத்திரைக் குழுவில் 2.1%. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் நிறுத்திய பிறகும் தொந்தரவு போகவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கற்பனை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மனச்சோர்வும் முக்கியம். தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதிப்படுத்தியது. முன்பு மனச்சோர்வு வந்திருந்தால் மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மனநிலை மாறுகிறது என்று தோன்றினால் நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள், அடுத்த மாத்திரைக்காகக் காத்திருக்க வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் முன்கூட்டிப் பேச வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. இரத்தம் கொடுப்பதானால் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

மினாக்சிடிலில் ஆபத்து குறைவு, தொல்லை அதிகம். எண்ணெய்த் தலைக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இரட்டிப்பு. கரைசல் வடிவத்தில் புரோப்பிலீன் கிளைகால் என்ற பொருள் சேர்ந்திருக்கும். காய்ந்தபின் முடி விறைத்து, பிசின் தடவியது போல நிற்கும். பலருக்கு அரிக்கும், வெள்ளையாகப் பொடி உதிரும். நான் அதைப் பொடுகு என்று நினைத்து ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருந்தேன். நுரை வடிவத்தில் பொதுவாக அந்தப் பொருள் இல்லை. விரலில் எடுத்தவுடனே உடல் சூட்டில் உருக ஆரம்பிக்கும் என்பதால் வகிடு எடுத்து நேராகத் தோலில் வைக்க வேண்டும், சில நிமிடத்தில் காய்ந்துவிடும். தலை பிசுபிசுக்கிறவர்களுக்கு நான் தயங்காமல் நுரையைத்தான் சொல்வேன். தடவும்போது தலை காய்ந்திருக்க வேண்டும், தடவியபின் நான்கு மணி நேரம் அலசக் கூடாது. இரவில் என்றால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி தலையணைக்குப் போகும், அங்கிருந்து முகத்துக்கு வரும். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தலையணையை நக்கினாலே அதன் உயிருக்கு ஆபத்து.

இன்னொரு விஷயம் தெரியாமல் ஆயிரக்கணக்கானோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தொடங்கி இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடிகளைப் புதியவை தள்ளிக்கொண்டு வருவதால் நடப்பது அது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். எல்லோருக்கும் வேலை செய்வதும் இல்லை. இந்த மருந்தைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதி சிலருடைய மயிர்க்காலில் குறைவாக இருக்கும். ஒழுங்காகப் போட்டும் ஓராண்டில் மாற்றமே இல்லை என்றால் அது உங்கள் தவறு அல்ல.

இரண்டில் எது? உச்சி மெலிவது தெளிவாகத் தெரிகிறது, மனநலம் சார்ந்த பழைய பிரச்சினை இல்லை, மருத்துவர் பார்த்துவிட்டார் என்றால் ஃபினாஸ்டரைடு. மாத்திரையை நினைத்தாலே பயம், தினமும் தடவ மறக்காத ஒழுக்கம் உண்டு என்றால் மினாக்சிடில் நுரை. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துப் பயன்படுத்தினால் தனித்தனியாகப் போடுவதைவிடப் பலன் அதிகம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று கண்டுபிடிக்க முடியாது. எதுவானாலும் நிறுத்தினால் காப்பாற்றியது கைவிட்டுப் போகும். எனக்கு அது நடந்தது. வேலை மாறிய சமயத்தில் நாலு மாதம் மினாக்சிடிலை விட்டேன். ஒரு வருடத்தில் வந்தது அந்த நாலு மாதத்தில் போயிற்று.

டூட்டாஸ்டரைடு என்று இன்னொரு மாத்திரை உண்டு. அது நொதியின் இரண்டு வகைகளையும் தடுத்து டி.எச்.டி.யை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் வழுக்கைக்கு அனுமதி உண்டு. ஆனால் உடம்பிலிருந்து வெளியேற மாதக்கணக்கில் ஆகும். ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்தியும் காத்திருக்க வேண்டும். இளம் வயதில் முதல் தேர்வாக இதை நான் சொல்ல மாட்டேன்.

மற்றவை

பயோட்டின் மாத்திரை: குறைபாடு இல்லாதவருக்குப் பயன் இல்லை. இதய நோய், தைராய்டு இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டவும் வைக்கும். வெங்காயச் சாறு, மூலிகைத் தைலங்கள்: பரம்பரை வழுக்கைக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை, எண்ணெய்த் தலையில் தைலம் எதிர்வேலை செய்யும். பி.ஆர்.பி. ஊசியும் (நம் இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்தெடுத்துத் தலைத்தோலில் போடுவது) லேசர் சீப்பும் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், மருந்துக்குத் துணையாக வேண்டுமானால் யோசிக்கலாம். அதற்கு மாற்றாக அல்ல.

முடி மாற்று சிகிச்சை மட்டும் தனியாகப் பேச வேண்டியது. தலையின் பின்புறம் உள்ள மயிர்க்கால்கள் டி.எச்.டி.யைத் தாங்கும். அவற்றை எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறாது என்று 1950-களில் நார்மன் ஓரன்ட்ரைக் காட்டினார். இன்றுவரை எல்லா முறைகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. நட்ட முடி சில வாரத்தில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் முளைத்து, ஓராண்டில் முழுதாகத் தெரியும். நல்ல சிகிச்சைதான். ஆனால் 22 வயதில் வேண்டாம் என்பேன். பின்புறம் இருக்கும் மயிர்க்கால்கள் அளவானவை, எடுத்தால் அங்கே திரும்ப முளைக்காது. வழுக்கை எதுவரை போகும் என்று தெரியாத வயதில் நெற்றியைத் தாழ்வாக வரைந்து நட்டுவிட்டால், பத்து வருடத்தில் அதன் பின்னால் உள்ள சொந்த முடி பின்வாங்கும். நட்டது மட்டும் முன்னால் தீவு போல நிற்கும். அதை நிரப்பப் பின்னால் இருப்பு இருக்காது. தலையை முழுக்க மழிக்கலாம் என்றாலும் பின்புறத் தழும்பு தெரியும். மருந்து போட்டு ஒன்றிரண்டு ஆண்டு நிலையாக நின்ற பிறகு இதைப் பற்றி யோசிப்பது நல்லது. செதிலும் அரிப்பும் இருக்கிற தலையானால் அதை அடக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

மறைப்பதா, மழிப்பதா? கெரட்டின் தூள் இருக்கிற முடியில் ஒட்டிக்கொண்டு இடைவெளியை மறைக்கும். காய்ந்த தலையில் அழகாக நிற்கும், எண்ணெய்த் தலையில் மாலைக்குள் கட்டிகட்டியாகிவிடும். பசை வைத்து ஒட்டும் செயற்கை முடிக்கும் இதே சிக்கல், எண்ணெய் பசையை இளக்கிவிடும். எனவே மறைக்கும் வழியில் போகிறவர்களுக்கும் முதல் வேலை எண்ணெய்தான். முடி வெட்டுபவரிடம் பக்கவாட்டை நன்றாகக் குறைத்து மேலே இரண்டு விரல்கடை விடச் சொன்னால் உச்சி அடர்த்தியாகத் தெரியும். பளபளக்கும் ஜெல்லைத் தவிர்க்க வேண்டும்.

மொட்டை அடிப்பதை, தோற்றுப்போய்ச் செய்வதாக நினைக்கத் தேவையில்லை. மருந்து வேண்டாம், தினசரிக் கவலை வேண்டாம் என்று நினைக்கிறவருக்கு அது முழுமையான தேர்வு. பிடிக்கவில்லை என்றால் மாதம் ஒரு சென்டிமீட்டர் வீதம் இருந்தது திரும்ப வளரும். அடர்த்தியாக வளரும் என்பது மட்டும் பொய். ஆனால் எண்ணெய் நிற்காது, மழித்த தலையில் இன்னும் பளபளக்கும். தினமும் கழுவ வேண்டும், வெயிலில் போகும்போது பிசுபிசுக்காத சன்ஸ்கிரீன் போட வேண்டும். முதலில் டிரிம்மரில் ஒட்ட வெட்டி இரண்டு வாரம் இருந்து பாருங்கள்.

சித்தப்பா மகன் எதையும் உடனே வாங்கவில்லை. குளியலறை விளக்கின் கீழே, தலை காய்ந்திருக்கும்போது, நெற்றி, இரண்டு ஓரம், உச்சி என்று நான்கு படம் எடுத்தோம். ஆறு வாரம் கீட்டோகொனசோலும் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஷாம்புவும். அரிப்பு மூன்றாவது வாரத்தில் நின்றது. குளியலில் கொட்டுவதும் குறைந்தது. ஆனால் உச்சிப் படத்தில் மெலிவு அப்படியே இருந்தது. அந்தப் படங்களோடு தோல் மருத்துவரிடம் போனான். ஃபினாஸ்டரைடு பற்றி அவர் எல்லாம் சொன்னதும், "இப்போதைக்கு மாத்திரை வேணாம்னு தோணுது அண்ணா, தப்பா?" என்று என்னிடம் கேட்டான். தப்பே இல்லை என்றேன். மினாக்சிடில் நுரையைத் தொடங்கினான்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு இரவு தொலைபேசினான், குரல் உடைந்திருந்தது. "அண்ணா, முன்னாடியைவிட அதிகமா கொட்டுது." அவனை வெள்ளைத் தாளை எடுக்கச் சொன்னேன். இந்த முறை தாளில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை அந்தக் கண்ணிமை முடிகள்தான். மறுநாள் இரவும் நுரையைத் தடவிக்கொண்டான். அடுத்த நான்கு படங்களுக்கு இன்னும் நான்கரை மாதம் இருக்கிறது. தேதியைக் குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான்.